பிளேன்டீ நிறத்தில் எழுத்து

அகஸ்டினா, பால் ஊற்றாத பிளேன்டீக் கிளாஸை வாங்கியதும் வாயில் வைப்பதில்லை. முதலில் அதை ஐந்தாம் நம்பர் மெஷினின் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிப்பாள். ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். கறுத்த திரையில் வரிவரியாக நிற்கும் எழுத்தின் நிறத்தையும் கிளாஸுக்குள் நிற்கும் சாயத்தின் நிறத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் முதல் மிடறு. ஒத்துப்போகாவிட்டால் குற்றம் எப்போதும் தேநீர்க் கடைக்காரர் தலையில்தான் விழும். "இன்னைக்கி சாயம் பத்தலைங்க. அதே தூளுல ரெண்டாந்தரம் தண்ணி ஊத்தியிருக்காரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடிப்பாள்.

பதுளை பஸ் நிலையத்துக்கு இறங்கும் தெருவில், துணிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிறது இப்றாஹீம் நானாவின் கடை. முன்பக்கம் போட்டோ கொப்பி மெஷினும் தொலைபேசிக் கூண்டும். உள்ளே சுவரோரமாக ஐந்து கொம்பியூட்டர்கள். நான்கின் திரைகள் பளீரென்று வெள்ளை. ஐந்தாவது மட்டும் கறுப்பு. புதிதாக வருகிறவர்கள் அந்த மெஷின் பழுது என்று நினைத்து மற்றதில் போய் உட்காருவார்கள். கடையில் வேலை பார்க்கும் அகஸ்டினா அதில் தன் பாட்டில் தட்டச்சுச் செய்துகொண்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் மெல்ல எட்டிப் பார்ப்பார்கள். "கெட்டுப் போகலைங்க. வெளிச்சத்த மட்டும் வெளிய அனுப்பிட்டேன்" என்பாள் அவள், திரும்பாமலே.

திரும்ப வேண்டிய தேவை அவளுக்கு இல்லை. திரை கறுத்தால் அதன் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். வாசலில் யார் நிற்கிறார், எந்தத் தோட்டத்துப் பிள்ளை தயங்கித் தயங்கிப் படியேறுகிறது, நானா சாப்பிட்டுவிட்டு வருகிறாரா என்பதெல்லாம் எழுத்துகளுக்குப் பின்னால் அவளுக்குத் தெரியும். கடிதம் அடிக்க வரும் பெண்கள் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து அதே கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொள்வார்கள். அதற்கு அவள் கட்டணம் கேட்பதில்லை.

வயது நாற்பதைத் தொட்டிருக்கும். மெலிந்த உடம்பு. கழுத்தில் ஜெபமாலை. கையில் எப்போதும் ஒரு நீலக் குடை, வெயில் பட்டு வெளுத்து ஏறக்குறைய சாம்பலாகிவிட்டது. மழைக்குப் பிடிப்பதைவிட வெயிலுக்குப் பிடிப்பதுதான் அதிகம். மப்பும் மந்தாரமுமான நாளிலும் பிடிப்பாள். மற்றவர்கள் வாசலில் குடையை மடக்குவார்கள். அவள் கடைக்குள் நடந்து, தன் நாற்காலிக்கு வந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்ட பிறகுதான் மடக்கி ஆணியில் மாட்டுவாள். குடை ஆணியில் இருந்தால் அகஸ்டினா கடைக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். அதில் மாற்றம் இல்லை.

பிறந்தது ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் லயத்தில். ஒரு கதவு, உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜன்னல். "எங்க கண்ணு லயத்து இருட்டுக்குப் பழகின கண்ணு. டவுன் வெளிச்சம் அதுக்கு ஒத்துக்கல" என்று விளக்கம் சொல்வாள். அதே லயத்தில் பிறந்த அவளுடைய இரண்டு தங்கைகளும் உச்சி வெயிலில் நெற்றியைச் சுருக்காமல் நடக்கிறார்களே என்று கேட்டால், "அவளுங்களுக்கு வெக்கம் கெடையாது" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

அவள் கண் கோளாறின் உண்மையான பெயர் ஒற்றைத் தலைவலி. வெள்ளைத் திரையை ஒரு மணி நேரம் பார்த்தால் இடது கண்ணின் ஓரத்தில் அரிவாள் பல்லைப் போல ஒரு வெளிச்சக் கீற்று முளைக்கும். அது விரிந்து விரிந்து நடுவுக்கு வரும்போது, பார்க்கிற சொல்லின் பாதி காணாமல் போகும். பிறகு வாந்தி, பிறகு படுக்கை. ஆஸ்பத்திரி டொக்டர் கண்ணில் குறையில்லை, வெளிச்சத்தில் வேலை செய்யாதீர்கள் என்றார். "வெளிச்சத்தப் பாக்கத்தான் டொக்டர் சம்பளமே குடுக்குறாங்க" என்றாள் அகஸ்டினா. டொக்டர் சிரித்தார். அவள் மாத்திரை எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனால் சும்மா இருக்கிறவள் அல்ல. தட்டச்சுப் பள்ளியில் படித்த விரல்களை வைத்துக்கொண்டு கொம்பியூட்டரைத் தானே பழகியவள். தனக்கு வந்த நோய்க்கும் தானே மருந்து தேடினாள். முதல் மருந்து வெசாக் விளக்குக் கூட்டுக்கு ஒட்டுகிற நிறச் சவ்வுத்தாள். பண்டிகை முடிந்த மறுநாள் கடைகளில் மிஞ்சியதை வாங்கி வந்து திரைமேல் ஒட்டினாள். பச்சை ஒட்டினாள், எழுத்து மங்கியது. நீலம் ஒட்டினாள், தலைவலி குறையவில்லை. மஞ்சள் ஓரளவுக்குச் சரிவந்தது. ஆனால் அன்றைக்குப் பார்த்து, கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய படத்தைப் பார்க்க வந்த லரீபா உம்மா அந்த மெஷினில் உட்கார்ந்துவிட்டார். படம் திறந்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "என்ட ரப்பே, புள்ளைக்கி மஞ்சக் காமால ஈக்கே" என்று அவர் அழத் தொடங்க, அகஸ்டினா சவ்வுத்தாளைக் கிழித்து மகனைக் குணப்படுத்த வேண்டியதாயிற்று. இப்றாஹீம் நானா அத்தோடு சவ்வுத்தாளுக்குத் தடை போட்டார்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மழைப் பகல். தெருவில் ஆளில்லை. நானா வீட்டுக்குப் போயிருந்தார். கடையின் மெஷின்களில் நெட்டுக்குள் போய் உலகம் பார்க்க இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த நீல 'e' எழுத்து. மற்றது உருண்டையைச் சுற்றிச் சுருண்டு படுத்திருக்கும் நரிப் படம். அகஸ்டினா அதை 'நரி' என்றே சொல்வாள். நரிக்கு விதம்விதமாகச் சட்டை மாற்றலாம் என்று எங்கோ வாசித்திருந்தாள். கறுப்புச் சட்டையொன்றைத் தேடிப் பிடித்து இறக்கினாள். தொலைபேசிக் கம்பி வழியே அது சொட்டுச் சொட்டாக வந்து சேர்வதற்குள் இரண்டு கடிதம் அடித்து முடித்துவிட்டாள். நரியை மூடித் திறந்தாள். மேல்பட்டை கறுப்பு, பொத்தான்கள் கறுப்பு, ஓரமெல்லாம் கறுப்பு. நடுவில் பக்கம் மட்டும் பழைய வெள்ளை. "கதவு நெலையெல்லாம் கறுத்திருச்சு. உள்ள டியூப் லைட்டு அப்புடியே எரியுது" என்று பிற்பாடு அந்த ஏமாற்றத்தைச் சொல்வாள்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு மெனுவாக இறங்கினாள். டூல்ஸ். ஒப்ஷன்ஸ். கொன்டென்ட். கலர்ஸ். (இந்த நான்கையும் அவள் சொல்லும்போது கோயிலில் மன்றாட்டுமாலை சொல்வது போலிருக்கும், கேட்கிறவர் தன்னையறியாமல் தலையாட்டிவிடுவார்.) அங்கே ஒரு சின்னப் பெட்டி. பின்னணி நிறம், எழுத்தின் நிறம். இரண்டையும் மாற்றிப் பார்த்தாள், எதுவும் நடக்கவில்லை. பெட்டியின் அடியில் ஒரு சரி அடையாளம் கிடந்தது. பக்கங்கள் தத்தம் நிறத்தைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் பொருள். அதை இரண்டு முறை வாசித்தாள். "அவனவன் இஷ்டத்துக்கு நம்ம கண்ணுல வெளிச்சம் அடிக்கலாம்னு அனுமதி குடுத்து வச்சிருக்கு. அத எடுத்தேன். அம்புட்டுத்தான்."

திரை கறுத்தது.

அந்த நொடியைப் பற்றிக் கேட்டால் அகஸ்டினா உட்கார்ந்தபடி பதில் சொல்லமாட்டாள். எழுந்து நின்றுதான் சொல்வாள். அன்றைக்கும் எழுந்துவிட்டாள். மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துக்குள் நுழைகிறபோது கண்ணுக்கு ஒரு குளிர்ச்சி கிடைக்குமே, அதேதான் என்றாள். எழுத்து வெள்ளையாக இருந்தது; அதுவும் கூசியது. மஞ்சள், பச்சை, ரோஜா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். மேசையில் ஆறிக்கொண்டிருந்த பிளேன்டீயில் தற்செயலாக ஜன்னல் வெளிச்சம் பட்டது. கிளாஸைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். வர்ணக் கட்டங்களில் மஞ்சளுக்கும் செம்மைக்கும் நடுவே அந்த நிறம் இருந்தது. அதையே எடுத்தாள். இன்னும் திறக்காத இணைப்புகளுக்குக் கொழுந்துப் பச்சை, திறந்து பார்த்தவற்றுக்குப் பழுப்பு. "பறிக்காதது பச்ச, பறிச்சு வாட்டுனது பழுப்பு. யாருக்கும் சொல்லிக் குடுக்கவே வேணாம்."

உடனே தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து, தேயிலை பேக்டரியில் வேலை செய்யும் கணவன் சிங்கராயரை அழைத்தாள். "என்னங்க, கறுத்திருச்சுங்க" என்றாள் மூச்சு வாங்க. பேக்டரிக் கூச்சலுக்கு நடுவில் அவர் மறு காதைப் பொத்திக்கொண்டார். "எது புள்ள, தீஞ்சு போச்சா?" என்றார். விளக்கிச் சொன்னாள். பேக்டரிக்காரருக்குச் செந்தூள் வந்தால்தான் கவலை. கறுப்பாக, முறுக்காக விழுகிற தூளுக்குத்தான் தரம். "கறுப்புன்னா நல்லதுதானே. அதுக்கு ஏன் அழுவுற?" என்றார் அவர். அழுதுகொண்டிருக்கிறோம் என்று அகஸ்டினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மழை விடுவதற்குள் ஐந்து மெஷினையும் கறுப்பாக்கிவிட்டாள்.

இப்றாஹீம் நானா நல்ல மனிதர். யாரையும் உரத்துப் பேசமாட்டார். பால்தேநீரில் சீனி குறைந்தால்கூடச் சொல்லாமல் குடித்துவிடுவார். அன்று மாலை தெருவின் எதிர்ப்பக்கம் வந்து நின்றவர், தன் கடையைப் பார்த்துத் தானே ஏமாந்தார். பூட்டிவிட்டுப் போய்விட்டாளோ என்று சாவியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். "கட தொறந்து ஈக்கா மூடி ஈக்கான்னு எனக்கே வெளங்கல்லியே அகஸ்டினா" என்றார். அவருடைய கணக்கு எளிமையானது. நெட் கடைக்கு அந்த வெள்ளை வெளிச்சம்தான் பெயர்ப்பலகை. தெருவில் போகிறவன் கண்ணை அதுதான் பிடித்து இழுக்கிறது. கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இருண்ட திரையைப் பார்த்தவன் நின்று விசாரிக்கமாட்டான். அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவான். ஆகவே நான்கு வெள்ளை, ஒன்று கறுப்பு என்று உடன்பாடு.

உடன்பாட்டைக் கெடுத்தவர்கள் வாடிக்கையாளர்கள். முதலில் கெடுத்தவர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளாக்கராக இருந்த இரகுநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஊர்ச் செய்தி பார்க்க ஒவ்வொரு நாளும் வருவார். வேறு மெஷின் கிடைக்காமல் ஒருநாள் அகஸ்டினாவுடையதில் உட்கார்ந்தார். "என்ன பிள்ளை, இதுக்கு உயிர் கிடக்கோ?" என்றுதான் தொடங்கினார். எழும்பும்போது, "செய்தி நல்லா இல்லை. ஆனா கண்ணுக்குச் சுகமாக் கிடக்கு" என்றார். மறுநாள் மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து, அதையும் கறுப்பாக்கித் தரச் சொன்னார். அகஸ்டினாவுக்கு வேறென்ன வேண்டும்? கேட்டவருக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தாள். கேட்காதவருக்கு, கேட்கும்படி எடுத்துச் சொன்னாள். நானா காலையில் வந்து மற்ற நான்கையும் வெள்ளையாக்கச் சொல்வார். வெள்ளையாக்குவாள். மத்தியானத்துக்குள் இரண்டு கறுத்திருக்கும். இப்படியே சில மாதம் போயிற்று.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் சாதாரண தரப் பரீட்சை ரிசல்ட் நெட்டில் வரப்போகிறது என்ற செய்தி கேட்டதும் நானா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். அந்த ஒரு நாள் கூட்டம் கடைக்கு எத்தனை முக்கியம் என்று அவளுக்குத் தெரியும். பசறையிலிருந்தும் ஹல்துமுல்லையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வருவார்கள். "அன்னைக்கி அஞ்சும் வெள்ளையா ஈக்கணும். ஒன்ட மெஷினும்தான். அன்னைக்கும் கறுப்பாக்கினா, நான் வேற ஆள் பாக்கத்தான் வேணும் அகஸ்டினா" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு வேறெந்தக் கடையில் போய் வெளிச்சத்தின் முன் உட்காருவது?

அந்த நாள் வந்தது. காலையிலேயே படிக்கட்டு வரை ஆள். வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நேரே உள்ளே விழுந்தது. ஐந்து திரையும் வெள்ளை. அகஸ்டினா ஐந்தாம் மெஷினில் உட்கார்ந்து, தாமாகப் பார்க்கத் தெரியாதவர்களுக்குப் பார்த்துச் சொன்னாள். அதற்கு அவளிடம் ஒரு முறை உண்டு. நம்பரை அடிப்பாள். பக்கம் திறந்ததும் முதலில் பிள்ளையின் பெயரை மெதுவாக வாசிப்பாள். ஆமாம் என்று ஆள் தலையாட்டிய பிறகுதான் பாடங்களுக்கு இறங்குவாள். சித்தியடைந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கடையின் மரத்தளம் அதிர்ந்தது. ஒரு தகப்பன் இரகுநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். இரகுநாதனுக்கு அவரைத் தெரியாது, ஆனாலும் சிரித்துக்கொண்டே குலுக்கினார். அகஸ்டினாவும் ஒவ்வொரு 'ஏ'க்கும் நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்து அமர்ந்தாள்.

உச்சிப்பொழுதில் அரிவாள் பல் முளைத்தது.

அப்போது எதிரில் நின்றவர் ஜெயலெட்சுமி. பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். மகள் நிலுக்ஷி காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள், பயக் காய்ச்சல்தான் என்றார். கடதாசி என்றால் தொலைத்துவிடுவீர்கள் என்று மகளே தாயின் உள்ளங்கையில் பேனாவால் நம்பரை எழுதி அனுப்பியிருந்தாள். ஜெயலெட்சுமி கையை விரித்தார். கொழுந்துச் சாறு ஊறி ஊறிக் கறுத்த வெடிப்புகள் உள்ளங்கை முழுதும் கோடு கோடாக ஓடின. ஒரு நாள் லீவில் போகிற கறையல்ல அது. அந்தக் கோடுகளுக்கு மேலே நீல இலக்கங்கள். அகஸ்டினா அதைப் பார்த்து அடித்தாள். பக்கம் வெள்ளைத் தீயாகத் திறந்தது. மேலே பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெளிச்சக் கீற்று விழுங்கிவிட்டிருந்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது. அவள் பெயரை வாசிக்காமல் கீழே இறங்கினாள். ஒன்றன்கீழ் ஒன்றாக எல்லாம் டபிள்யூ, ஒரு பாடமும் சித்தியில்லை.

"இந்தத் தடவ சரியா வரலைங்க அக்கா" என்றாள்.

ஜெயலெட்சுமி விரித்த கையை மூடிக்கொண்டார். "சரிங்க மிஸ். தோட்டத்துல ஆள் எடுக்குறாங்க. நாளைக்கே அவ பேரப் பதிஞ்சிர்றேன்" என்றார். அழவில்லை. வழிவிடச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. கூட்டம் தானாக விலகியது.

அடுத்தவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அகஸ்டினாவுக்கு அந்தக் கையில் விரல்கள் பாதிதான் தெரிந்தன. இனி ஓர் எழுத்தும் பார்க்க முடியாது. போட்டோ கொப்பி மெஷினருகே நின்ற நானாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. டூல்ஸ், ஒப்ஷன்ஸ், கொன்டென்ட், கலர்ஸ். கண்ணை மூடிக்கொண்டே கை போகும் வழி அது. சரி அடையாளத்தை எடுத்தாள். திரை இருண்டதும் கரண்ட் போய்விட்டது என்று கூட்டம் ஓவென்றது. "கரண்ட் போகேல்லை. பொறுங்கோ, அந்தப் பிள்ளை பாக்கட்டும்" என்று இரகுநாதன் கையை உயர்த்தினார்.

கறுப்பில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊறி வந்தன. இன்னும் மூடாமல் கிடந்த அதே பக்கம்தான். மேலே, பிளேன்டீ நிறத்தில், பெயர். அது யாரோ ஒரு பையனின் பெயர்.

அகஸ்டினாவுக்கு உள்ளங்கை ஞாபகம் வந்தது. எட்டு என்று அவள் அடித்த இலக்கம். இடது பக்கத்தில் அதை மூடி நின்றது மையா, கறைக்கோடா? எட்டை எடுத்துவிட்டு மூன்று அடித்தாள். பக்கம் திறக்கிற நேரம் அவள் மூச்சுவிட்டதாகத் தெரியவில்லை. நிலுக்ஷி. பெயரை வாசித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். தமிழ் ஏ. கணிதம் பி. விஞ்ஞானம் சி. அதற்குமேல் இறங்கவில்லை. "யாரும் இதத் தொட்றாதீங்க" என்று எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. குடை ஆணியில் தொங்கியது.

உச்சி வெயிலில், குடையில்லாமல், அகஸ்டினா பஸ் நிலையத்துக்கு ஓடினாள். தெருவில் பார்த்தவர்கள் கடையில் ஏதோ தீப்பிடித்துவிட்டதென்றே நினைத்தார்கள். கண்ணை இமையளவுக்குத்தான் திறக்க முடிந்தது. எந்த பஸ், என்ன எழுத்து என்று தெரியவில்லை. பசறை பசறை என்று கூவிய கண்டக்டரின் குரலைப் பிடித்துக்கொண்டு போனாள். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சுடுகிற தகரத்தில் கையை ஊன்றியபடி ஜன்னல் ஜன்னலாகத் தட்டினாள். உள்ளே முகங்கள் எல்லாம் வெள்ளையில் கரைந்திருந்தன.

"ஜெயலெட்சுமி அக்கா, எங்க இருக்கீங்க? எனக்கு மூஞ்சி தெரியல. கையக் காட்டுங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பின்பக்கத்து ஜன்னலொன்றிலிருந்து ஒரு கை தயங்கி நீண்டு விரிந்தது. அகஸ்டினா அதைத் தன் முகத்துக்கு அருகில் இழுத்து, தன் நிழலுக்குள் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்த இலக்கத்தைத் தேய்த்தாள். மை கலைந்தது; கறைக்கோடு கலையவில்லை. மூன்றுதான்.

"எறங்குங்க அக்கா. நான் பாத்தது வேற புள்ளையோடது. ஒங்க புள்ள பாஸு."

கண்டக்டர் விசில் ஊதவில்லை. எந்தப் பாடம், எத்தனை ஏ என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது வழிகாட்டியவர் ஜெயலெட்சுமிதான். அகஸ்டினாவின் கண்கள் முற்றாக மூடிக்கொண்டுவிட்டன. ஜெயலெட்சுமி முந்தானையை எடுத்து அவள் தலைக்கு மேலாகப் போட்டு, மலைச்சரிவில் பழகாத பிள்ளையைக் கூட்டிப் போவது போல முழங்கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். "பாத்து மிஸ், தண்ணிக் கான் இருக்கு" என்று சொல்வதும், உடனே "நெசமாத்தானே சொல்றீங்க?" என்று கேட்பதுமாக வந்தார். அகஸ்டினா ஒவ்வொரு தடவையும் முந்தானைக்குள்ளிருந்து பாடங்களை ஒப்பித்தாள்.

கடையில் ஐந்தாம் மெஷினை யாரும் தொடவில்லை. விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி அதன்மேல் ஒரு கையை வைத்தபடி இப்றாஹீம் நானா நின்றார். அவர் பார்வை திரையில் இல்லை. ஆணியில் தொங்கிய குடையில் இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் குடை ஆணியிலும் அந்தப் பெண் வெயிலிலுமாக அவர் கண்டதில்லை.

அகஸ்டினா கறுப்பின் முன் உட்கார்ந்து மெல்லக் கண்ணைத் திறந்தாள். ஜெயலெட்சுமி அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். கண்ணாடியில் அவருடைய முகமும், அதன் குறுக்கே மகளின் எழுத்துகளும் தெரிந்தன. "இதுல எது எம்புள்ள பேரு?" என்று கேட்டார். அகஸ்டினா விரலை வைத்துக் காட்டினாள். ஜெயலெட்சுமி அந்த இடத்தைக் கறைபட்ட விரலால் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அழுதார். கூட்டத்தில் யாரோ கைதட்ட, இரகுநாதன் உட்படக் கடை முழுக்கத் தட்டியது.

கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்து அகஸ்டினா நானாவின் பக்கம் திரும்பினாள். கண்ணாடியில் பார்க்காமல், நேராகவே திரும்பினாள். பெயர் பார்க்காமல் சொன்னது தன் பிழை என்றாள். பெயர் தெரியாமல் போனது இந்த வெள்ளையால்தான் என்றாள். "வேற ஆள் பாக்குறதுன்னா பாருங்க நானா. நாளைக்கே குடைய எடுத்துக்கிட்டுப் போயிர்றேன். ஆனா இன்னைக்கி நிக்கிற புள்ளைகளுக்கு நான் கறுப்புலதான் பாப்பேன்."

நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் போன வழியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை நகர்த்தி நகர்த்தி, நான்காவது, மூன்றாவது, இரண்டாவது, முதலாவது என்று எல்லாத் திரைகளையும் கறுப்பாக்கினாள். ஒவ்வொன்று கறுக்கும்போதும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். கரண்ட் போனதற்குக் கத்துகிற கத்தல் அல்ல. மறுபடி தன் இடத்துக்கு வந்து, "அடுத்தது யாரு? கைய நல்லாத் தொடச்சிட்டு நீட்டுங்க" என்றாள்.

இரண்டு மூன்று பிள்ளைகளின் பெயர்களை வாசித்து முடித்திருப்பாள். திரைக் கண்ணாடியில், வாசற்பக்கமாக, நானாவின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. கையில் ஒரு கிளாஸ். வழக்கமான பால்தேநீர் அல்ல. உள்ளே இருந்தது பிளேன்டீ. அவர் அவளிடம் வரவில்லை. முதலாம் நம்பர் மெஷினின் முன்னால் போய் நின்றார். கிளாஸைத் திரைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். எழுத்தைப் பார்த்தார், சாயத்தைப் பார்த்தார், மறுபடி எழுத்தைப் பார்த்தார்.

அகஸ்டினா வாசித்துக்கொண்டிருந்த பெயரைப் பாதியில் நிறுத்தி, நாற்காலியோடு ஒரு பக்கமாக நகர்ந்து, வாசல் வெளிச்சம் அவருடைய கிளாஸில் நேராக விழும்படி வழிவிட்டாள்.